தங்கையின் பெயரில் வாழும் அக்காள்: ஒலிம்பிக் கப்பல் பற்றிய வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 1911 முதல் 1935 வரை ஓடிய ‘ஒலிம்பிக்’ என்னும் பயணிகள் கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் ஒயிட் ஸ்டார் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட மூன்று பெருங்கப்பல்களில் மூத்தது அதுதான். அடுத்துப் பிறந்தது டைட்டானிக். கடைசியாக வந்தது பிரிட்டானிக். டைட்டானிக் முதல் பயணத்திலேயே மூழ்கியது. பிரிட்டானிக் போர்க்கால மருத்துவமனைக் கப்பலாக இருந்தபோது 1916-இல் ஈஜியன் கடலில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. மூத்தது மட்டும் இருபத்து நான்கு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றது. அந்தக் கட்டுரையைப் படித்து வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

தூத்துக்குடி வாசகர் ஒருவர்: டைட்டானிக்கின் படிக்கட்டு என்று பள்ளிப் பருவத்திலிருந்து நாங்கள் பார்த்துவரும் படம் ஒலிம்பிக்கினுடையது என்று எழுதியிருந்தீர்கள். அதை எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

உறுதியாகவே சொல்லலாம். டைட்டானிக் 1912 ஏப்ரல் 2 அன்று பெல்ஃபாஸ்டை விட்டுக் கிளம்பியது. 10 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து பயணிகளோடு புறப்பட்டது. 15 அதிகாலையில் கடலுக்குள் போய்விட்டது. வேலை முழுவதும் முடிந்த நிலையில் அந்தக் கப்பலின் அறைகளைப் பொறுமையாகப் படமெடுக்க எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. ஒலிம்பிக்கின் கதை வேறு. 1911-இல் அது முடிவடைந்தபோது, கட்டுமானத் தளத்தின் நிழற்படக் கலைஞராக இருந்த ராபர்ட் வெல்ச் கண்ணாடித் தகடுகளில் அதன் கூடங்களையும் படிக்கட்டுகளையும் விரிவாகப் பதிவு செய்தார். இரண்டு கப்பல்களும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை என்பதால், டைட்டானிக் மூழ்கிய செய்தி வந்தவுடன் பத்திரிகைகள் கையில் கிடைத்த ஒலிம்பிக் படங்களையே தங்கையின் பெயரில் அச்சிட்டன. டைட்டானிக்கின் முன்புறப் பெரும் படிக்கட்டு முழுமையடைந்த நிலையில் எடுக்கப்பட்ட படம் ஒன்றுகூட இன்றுவரை கிடைத்ததில்லை. ஆகவே கண்ணாடிக் கவிகைக்குக் கீழே, செதுக்கு வேலைப்பாடுள்ள கடிகாரத்தோடு நாம் காணும் அந்தப் படிக்கட்டு ஒலிம்பிக்கின் படிக்கட்டுதான்.

வெளித்தோற்றப் படங்களையும் எளிதில் பிரித்தறியலாம். இதை எழுதும்போது என் மேசையில் ஒரு பழைய அஞ்சலட்டை இருக்கிறது. நான்கு புகைபோக்கிகளோடு நிற்கும் கப்பலின் கீழே ‘டைட்டானிக்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உருப்பெருக்கியை வைத்து, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் மேல்தளத்துக்கு அடுத்த கீழ்த்தளத்தைப் பார்த்தால், பயணிகள் உலாவும் நடைவெளி அணியத்துப் பக்கத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, கடைசிவரை திறந்தே கிடக்கிறது. தூண்களுக்கு நடுவில் வானம் தெரிகிறது. டைட்டானிக்கில் அந்த நடைவெளியின் முன்பாதியைச் சாரல் அடிக்காதபடி ஜன்னல் வைத்து மூடிவிட்டார்கள். ஆகவே என் அட்டையில் நிற்பது ஒலிம்பிக். தங்கள் வீட்டில் இத்தகைய படம் இருந்தால் முதலில் அந்த நடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

படங்கள் மட்டுமல்ல, அசையும் படச்சுருளும் இப்படித்தான் பெயர் மாறியது. கேப்டன் எட்வர்ட் ஸ்மித் கப்பலின் மேல்தளத்தில் நடந்துவரும் காட்சி 1911-இல் ஒலிம்பிக்கில் எடுக்கப்பட்டது. 1912-இல் அதை டைட்டானிக் என்று திரையிட்டபோது, பின்னணியில் தெரிந்த இழுவைப் படகுகளின் பெயர்களைச் சுருளிலேயே சுரண்டி மறைத்தார்கள். இருபத்து நான்கு ஆண்டு உழைத்த கப்பலின் முகம் சில நாட்களே ஓடிய கப்பலின் பெயரில் உலகெங்கும் தொங்குவதைக் காணும்போது எனக்கு மனம் வருந்தத்தான் செய்கிறது.

கோயம்புத்தூர் கல்லூரி மாணவி ஒருவர்: காப்பீட்டுப் பணத்துக்காக இரண்டு கப்பல்களையும் மாற்றிவிட்டார்கள், மூழ்கியது ஒலிம்பிக்தான் என்று ஒரு காணொளியில் கேட்டேன். இதில் உண்மை உண்டா?

இல்லை. இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1911 செப்டம்பர் 20 அன்று, வைட் தீவுக்கு அருகே சோலன்ட் நீரிணையில் ஒலிம்பிக்கும் ‘ஹாக்’ என்னும் போர்க்கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் சென்றபோது, போர்க்கப்பலின் முட்டித்தள்ளும் முகப்பு ஒலிம்பிக்கின் பின்பகுதியில், வலப்புறத்தில் மோதியது. நீர்புகா அறைகள் இரண்டில் தண்ணீர் நிறைந்தது. கப்பலை உந்தும் சுழல்விசிறியின் தண்டும் சேதமடைந்தது. உயிரிழப்பு எதுவும் இல்லை. பெரிய கப்பல் ஆழமற்ற நீரில் விரையும்போது பக்கத்துக் கப்பலைத் தன்னை நோக்கி இழுக்கும் என்ற விளக்கத்தை விசாரணையில் ஏற்று, பழியை ஒலிம்பிக்கின் மீதே போட்டார்கள். பழுது பார்க்க பெல்ஃபாஸ்டுக்கு வந்தபோது, விரைவாக முடிப்பதற்காக டைட்டானிக்குக்கு வைத்திருந்த தண்டை எடுத்துப் பொருத்தினார்கள். 1912 பிப்ரவரியில் விசிறியின் இதழ் ஒன்று உடைந்து மறுபடியும் அது தளத்துக்கு வந்தது. இந்த வேலைகளால்தான் டைட்டானிக்கின் முதல் பயணம் மார்ச் 20-லிருந்து ஏப்ரல் 10-க்குத் தள்ளிப்போனது. இரண்டு கப்பல்களும் ஒரே தளத்தில் அருகருகே நின்ற அந்த நாட்களை வைத்தே ஆள்மாறாட்டக் கதை கட்டப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே கதை நிற்காது. டைட்டானிக்கைக் கட்ட ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு செலவாயிற்று; அதற்குச் செய்திருந்த காப்பீடோ 10 லட்சம் பவுண்டு. கப்பலை வேண்டுமென்றே மூழ்கடித்தால் நிறுவனத்துக்கு நட்டம்தான் மிஞ்சும்.

பொருள்கள் சொல்லும் சாட்சி அதைவிட வலுவானது. கட்டுமானத் தளத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் உண்டு. ஒலிம்பிக்கின் எண் 400, டைட்டானிக்கின் எண் 401. கடலடியில் கிடக்கும் சிதைவின் விசிறி இதழில் 401 என்ற எண்ணைப் படமெடுத்திருக்கிறார்கள். ஒலிம்பிக்கை உடைத்தபோது கழற்றிய மரப்பலகைகளின் முதுகில் 400 என்ற எண் இருக்கிறது. சுவரோடு பொருந்தியிருந்த காலமெல்லாம் எவர் கண்ணிலும் படாத முதுகு அது. அங்கே தச்சர் இட்ட அடையாளத்தை யாரை ஏமாற்றுவதற்காக எழுதியிருக்க முடியும்? போதாததற்கு, டைட்டானிக்கின் ‘பி’ தளத்தில், அதாவது முன்பு சொன்ன நடைவெளிக்கு அடுத்த கீழ்த்தளத்தில், அறைகளைக் கப்பலின் ஓரம்வரை நீட்டிக் கட்டியதால் அங்குள்ள ஜன்னல்களின் இடைவெளி ஒழுங்கற்று இருக்கும். ஒலிம்பிக்கில் அந்த இடம் நடைவெளி. சிதைவில் காணும் ஜன்னல் வரிசை டைட்டானிக்கின் வரிசையோடுதான் ஒத்துப்போகிறது.

நாகர்கோவில் வாசகர் ஒருவர்: டைட்டானிக் மூழ்கிய இரவில் ஒலிம்பிக் எங்கே இருந்தது? உதவிக்குப் போகவில்லையா?

போகப் புறப்பட்டது. நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒலிம்பிக், அபாயச் செய்தி கேட்டபோது ஏறத்தாழ 500 கடல் மைல் தொலைவில் இருந்தது. கேப்டன் ஹெர்பர்ட் ஹாடக் திசையைத் திருப்பி முழு வேகத்தில் விரைந்தார். இன்னும் சுமார் 100 கடல் மைல் இருக்கும்போது, உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்ட கார்பேதியா கப்பலின் கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன், இனி வந்து பயனில்லை என்று தெரிவித்தார். தப்பியவர்களை ஒலிம்பிக்குக்கு மாற்றலாம் என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. கண்முன்னே மூழ்கிய கப்பலின் அதே உருவம் மறுநாள் எதிரே வந்து நிற்பதைக் கணவனையும் பிள்ளையையும் இழந்தவர்கள் எப்படித் தாங்குவார்கள் என்று அவர் எண்ணினார். ஒலிம்பிக் தன் வலிமையான வானொலிக் கருவியால் செய்திகளைக் கரைக்கு எடுத்துச் சொல்லும் பணியைச் செய்துவிட்டு, தன் வழியே சென்றது.

பத்து நாள் கழித்து சவுத்தாம்ப்டனில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஒலிம்பிக்கில் அவசரம் அவசரமாக ஏற்றப்பட்ட மடக்கு உயிர்காப்புப் படகுகள் பழைய இராணுவக் கப்பல்களிலிருந்து வந்தவை, மக்கிப்போனவை என்று கூறி, கொதிகலன் தொழிலாளர்கள் 280-க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்திக் கப்பலை விட்டு இறங்கினார்கள். அவர்களுக்குப் பதிலாக ஆள் சேர்த்தபோது, சங்கத்தில் இல்லாதவர்களோடு வேலை செய்ய மறுத்த மாலுமிகள் 54 பேர் மீது கலகக் குற்றம் சாட்டப்பட்டது. குற்றம் நிரூபணமானது என்று சொன்ன நடுவர் மன்றம், சூழ்நிலையைக் கருதி எவருக்கும் தண்டனை விதிக்காமல் விடுவித்தது. அந்தப் பயணமே ரத்தாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பிய கப்பலுக்கு இரட்டைச் சுவர் அமைத்து, நீர்புகாத் தடுப்புகளை உயர்த்தி, 20-ஆக இருந்த உயிர்காப்புப் படகுகளை அறுபதுக்கு மேல் பெருக்கினார்கள்.

திருச்சி வாசகி ஒருவர்: மூன்று கப்பல்களின் விபத்திலும் உயிர் தப்பிய பெண் ஒருவர் உண்டாமே?

உண்டு அம்மா. அவர் பெயர் வயலெட் ஜெசப். பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் பணிப்பெண். ஹாக் மோதியபோது ஒலிம்பிக்கில் இருந்தார்; டைட்டானிக்கிலிருந்து உயிர்காப்புப் படகில் தப்பினார்; பிரிட்டானிக் மூழ்கியபோது செவிலியர் பணியில் இருந்து கடலில் குதித்துப் பிழைத்தார். போர் முடிந்ததும் மறுபடி ஒலிம்பிக்கிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1971-இல் காலமானார்.

வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர்: பயணிகள் கப்பலொன்று நீர்மூழ்கியை மூழ்கடித்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். விவரமாகச் சொல்லுங்கள்.

தாங்கள் கேட்டது நியாயம். ஒரு வரியில் முடிக்கக்கூடிய செய்தி அல்ல அது. 1915 செப்டம்பரில் ஒலிம்பிக் படைவீரர்களை ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெர்ட்ரம் ஹேஸ் கேப்டனானார். 1918 மே 12 விடியற்காலையில், அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயின் வாயிலில் வந்தபோது, நீர்மட்டத்தில் மிதந்த ‘யு-103’ என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கி முன்னே தென்பட்டது. பீரங்கி வீரர்கள் சுடத் தொடங்கினார்கள். கேப்டன் கப்பலை நீர்மூழ்கியை நோக்கியே திருப்பினார். அவசரமாக முழுகித் தப்ப முயன்ற நீர்மூழ்கியை ஒலிம்பிக்கின் முகப்பு மோதியது. தொடர்ந்து இடப்புற விசிறியின் இதழ்கள் அதன் உடலைக் கிழித்தன. மேலே வந்த நீர்மூழ்கியைக் கைவிட்டு அதன் ஆட்கள் கடலில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான வீரர்களைச் சுமந்துகொண்டு அபாயக் கடலில் நிற்க முடியாது என்பதால் ஒலிம்பிக் நிற்கவில்லை. கடலில் தத்தளித்தவர்களை அமெரிக்க நாசகாரிக் கப்பல் ‘டேவிஸ்’ பின்னர் மீட்டது. அந்த நீர்மூழ்கி ஒலிம்பிக்கைத் தாக்கவே ஆயத்தமாகிக்கொண்டிருந்தது என்றும், டார்பிடோ குழாய்களில் நீர் நிரப்ப முடியாமல் போனதால் தாக்குதல் தவறியது என்றும் பின்னர் தெரியவந்தது.

கப்பலில் இருந்த அமெரிக்க 59-ஆவது காலாட்படைப் பிரிவினர், நடந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பொறித்த பலகை ஒன்றைக் கப்பலுக்குக் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் தங்களைக் காப்பாற்றிய கப்பலுக்குச் செய்த மரியாதை அது. போர்க்காலத்தில் அது ஏற்றிச் சென்றோர் ஏறத்தாழ 2,01,000 பேர். எரித்த நிலக்கரி 3,47,000 டன். ‘நம்பிக்கைக்குரிய கிழவி’ என்ற பொருளில் படைவீரர்கள் அதற்குச் செல்லப்பெயர் வைத்தார்கள். 1919-இல் உலர்தளத்தில் ஏற்றிப் பார்த்தபோது நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இடத்தில் நெளிவும் விரிசலும் தெரிந்தன. எப்போதோ ஒரு டார்பிடோ வந்து மோதி வெடிக்காமல் போயிருக்கிறது. கப்பலில் இருந்த எவருக்கும் அது தெரியாமலே இருந்திருக்கிறது.

இன்னொரு பொருத்தத்தையும் தங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். எதிரிக்குக் கப்பலின் திசையும் வேகமும் பிடிபடாதவாறு உடல் முழுவதும் கோணல்மாணலான பட்டைகளை வரையும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் நார்மன் வில்கின்சன் என்னும் ஓவியர். 1917-இல் ஒலிம்பிக்குக்கும் அந்தக் கோலம் பூசப்பட்டது. அதே வில்கின்சன் வரைந்த கடல் ஓவியம் ஒன்றுதான், போருக்கு முன்பே, அந்தக் கப்பலின் முதல் வகுப்புப் புகைபிடிக்கும் கூடத்தை அலங்கரித்தது. கோலம் பூசிய ஒலிம்பிக் கனடா வீரர்களை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கும் காட்சியை ஆர்தர் லிஸ்மர் ஓவியமாகத் தீட்டினார். கனடாவின் போர் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

நெய்வேலி வாசகர் ஒருவர்: இவ்வளவு பெரிய கப்பலுக்கு எத்தனை கொதிகலன்கள்? நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு எப்போது மாறியது?

கொதிகலன்கள் 29, அவற்றின் அடுப்பு வாய்கள் 159. ஒவ்வொரு வாயிலும் இரவு பகலாக மனிதர்கள் மண்வாரியால் கரி போட்டார்கள். நீராவி முதலில் இரண்டு பெரிய பிஸ்டன் இயந்திரங்களை ஓட்டி, அங்கிருந்து வெளியேறும்போது மிச்ச அழுத்தத்தால் ஒரு டர்பைனைச் சுழற்றியது. ஆக மூன்று விசிறிகள். நான்காவது புகைபோக்கி அடுப்புப் புகைக்காக அல்ல, பெரும்பாலும் காற்றோட்டத்துக்காக.

1919-20-இல் பெல்ஃபாஸ்டில் எண்ணெய் எரிக்கும்படி மாற்றினார்கள். அதுவரை எரிபொருள் ஏற்றப் பல நாட்கள் ஆகும். கரித்தூள் முதல் வகுப்புத் திரைச்சீலைவரை படியும். மாற்றிய பின் ஐந்தாறு மணி நேரத்தில் எண்ணெய் நிரப்பிவிடலாம். கீழ்த்தள ஆட்களின் எண்ணிக்கை 350-லிருந்து 60-ஆகக் குறைந்தது. அனலில் வெந்த வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் சவுத்தாம்ப்டனில் அந்தக் கூலியை நம்பியிருந்த குடும்பங்களை நினைக்காமல் இந்த எண்களைப் படிக்க என்னால் முடிவதில்லை.

காரைக்குடி வாசகர் ஒருவர்: இத்தனை பெருமைக்குரிய கப்பலை அருங்காட்சியகமாக வைத்துக் காக்காமல் உடைத்தது ஏன்?

அன்று கப்பலைக் காத்து வைக்கவேண்டும் என்று எண்ணும் நிலையில் எவரும் இல்லை. 1921, 1924 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கா இயற்றிய சட்டங்கள் குடியேறிகளின் வருகையைச் சுருக்கிவிட்டன; மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டை நம்பிய கப்பல்கள் வெறிச்சோடின. அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1934-இல் ஒயிட் ஸ்டாரும் அதன் பழைய போட்டியாளரான குனார்டும் ஒன்றாக இணைந்தன. அதே ஆண்டு மே 15 அன்று, மூடுபனியில் அமெரிக்கக் கரைக்கு அப்பால் வந்த ஒலிம்பிக், கலங்கரை விளக்கம் கட்டமுடியாத இடத்தில் நங்கூரமிட்டு விளக்கேற்றி நின்ற நான்டகெட் விளக்குக் கப்பலை மோதி இரண்டாக்கியது. அதில் இருந்த 11 பேரில் 7 பேர் இறந்தார்கள். 1935 ஏப்ரலில் ஒலிம்பிக் தன் கடைசிப் பயணத்தை முடித்தது. அதுவரை அட்லாண்டிக்கைப் போய்வந்த பயணங்கள் 257.

உடைப்பதற்கு வாங்கியவர் சர் ஜான் ஜார்விஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ நகரில் பால்மர் கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு, ஊரே வேலையின்றிக் கிடந்தது. அந்த ஆட்களுக்குச் சில மாதங்களாவது கூலி கிடைக்கட்டும் என்ற நோக்கத்தில் அவர் ஒலிம்பிக்கை ஜாரோவுக்குக் கொண்டுவரச் செய்தார். 1935 அக்டோபர் 13 அன்று கப்பல் டைன் ஆற்றுக்குள் நுழைந்தது. கப்பல் கட்டிப் பழகிய கைகள் கப்பல் உடைக்கும் வேலைக்கு வந்தன. அது போதவில்லை, 1936 அக்டோபரில் ஜாரோவின் ஆண்கள் 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தே போன வரலாற்றைப் பலரும் அறிவார்கள். அவர்கள் புறப்பட்டபோதும் ஒலிம்பிக்கின் உடைப்பு வேலை ஜாரோவில் முடிந்திருக்கவில்லை. 1937 செப்டம்பரில் எஞ்சிய அடிப்பாகத்தை ஸ்காட்லாந்தின் இன்வர்கீதிங்குக்கு இழுத்துச் சென்று முடித்துவைத்தார்கள்.

உள்ளலங்காரம் மட்டும் தப்பியது. 1935 நவம்பர் 5 அன்று கப்பலிலேயே ஏலம் தொடங்கிப் பத்து நாள் நடந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களாகப் பிரித்து, சுவர்ப் பலகை, கதவு, கட்டில், கண்ணாடி, விளக்கு என எல்லாவற்றையும் விற்றார்கள். காரைக்குடியிலிருந்து தாங்கள் கேட்பதால் சொல்கிறேன்: பெரிய வீடுகளைப் பிரித்து, தூணும் நிலையும் தனித்தனியே கடைக்கு வருவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நடந்ததும் அதுவே.

மதுரை வாசகி ஒருவர்: என் மகன் இங்கிலாந்தில் வேலை செய்கிறான், அடுத்த ஆண்டு அவனைப் பார்க்கப் போகிறேன். ஒலிம்பிக்கின் மிச்சங்களை எங்கே பார்க்கலாம்?

கட்டாயம் பாருங்கள் அம்மா. ஓரிடம் மட்டும்தான் போக முடியும் என்றால் நார்தம்பர்லண்டில் ஆல்னிக் என்னும் சிற்றூருக்குப் போங்கள். அங்குள்ள ஒயிட் ஸ்வான் விடுதியின் உரிமையாளர் அந்த ஏலத்தில் முதல் வகுப்பு ஓய்வுக் கூடத்தின் அலங்காரங்களை வாங்கிவந்து தம் விடுதியில் பொருத்தினார். பிரெஞ்சு அரண்மனைப் பாணியில் செதுக்கிய ஓக் பலகைகள், கண்ணாடிகள், பின்புறப் படிக்கட்டின் ஒரு பகுதி ஆகியவை அங்கே இருக்கின்றன. அந்த அறைக்கு ஒலிம்பிக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். திருமண விருந்துகள் நடக்கின்றன. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் அல்லாமல், மனிதர்கள் சாப்பிட்டுப் பேசிச் சிரிக்கும் கூடமாகவே அது தொடர்வது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. படிக்கட்டின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். டைட்டானிக்கில் இருந்ததற்கு இணையான கைப்பிடியை இன்று கையால் தொடக்கூடிய இடம் உலகத்தில் மிக அரிது.

சவுத்தாம்ப்டனுக்குப் போனால் சீசிட்டி அருங்காட்சியகத்தில் முன்புறப் படிக்கட்டின் கடிகாரச் சிற்பத்தைக் காணலாம். கடிகாரத்தின் இருபுறமும் சிறகுள்ள இரண்டு உருவங்கள். ‘மானமும் புகழும் காலத்துக்கு முடிசூட்டுகின்றன’ என்பது அச்சிற்பத்தின் பெயர். எத்தனையோ நூல்களில் டைட்டானிக்கின் கடிகாரம் என்று அச்சான படத்தில் இருப்பது இதுதான்.

பெல்ஃபாஸ்டில் ‘நோமாடிக்’ என்னும் சிறு கப்பல் நிற்கிறது. பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் கரையணைய முடியாததால், பயணிகளை ஒலிம்பிக்குக்கும் டைட்டானிக்குக்கும் கொண்டுசேர்க்க 1911-இல் அதே தளத்தில் கட்டிய படகு அது. ஒயிட் ஸ்டார் கப்பல்களில் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஏறிச் சுற்றிப் பார்க்கலாம். ஏலத்தில் போன பலகைகளில் ஒரு பங்கு ஹால்ட்விசில் என்னும் ஊரில் ஒரு வண்ண ஆலையின் சுவர்களில் பல்லாண்டுகள் இருந்து, 2004-இல் மறுபடி ஏலத்துக்கு வந்தது. உணவகப் பலகைகள் சில, 2000-இல் சேவைக்கு வந்த ‘செலிப்ரிட்டி மில்லேனியம்’ என்னும் உல்லாசக் கப்பலின் உணவகத்தில் பொருத்தப்பட்டு, மறுபடியும் கடலில் பயணம் செய்தன.

சென்னை வாசகர் ஒருவர்: இணைய ஏலத்தில் ‘ஒலிம்பிக் கப்பலின் தட்டு’ என்று ஒன்றை வாங்கியிருக்கிறேன். பின்புறம் நட்சத்திரக் கொடியும் நிறுவனப் பெயரும் இருக்கின்றன. அது உண்மையானதா என்று எப்படி அறிவது?

தங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தட்டு உண்மையான ஒயிட் ஸ்டார் தட்டா என்பது ஒன்று. அது ஒலிம்பிக்கில் இருந்ததா என்பது மற்றொன்று.

முதலாவதற்குத் தட்டே விடை சொல்லும். அந்நிறுவனத்துக்குப் பீங்கான் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் லிவர்பூலின் ஸ்டோனியர் நிறுவனத்தார்; அடிப்பக்கத்தில் அவர்களுடைய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கொடிச் சின்னம் மெருகுக்குக் கீழே இருக்கவேண்டும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படக் கூடாது. உணவு மேசையில் ஓடிய தட்டென்றால் கத்தி இழுத்த மெல்லிய கீறல்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கும்போது தெரியும். மேசையில் உராயும் அடிவளையம் மெருகு தேய்ந்து, சற்றே கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும். முகம் பழுப்பேறி, அடிவளையம் மட்டும் புதிதாகப் பளபளத்தால் ஐயப்படுங்கள். டைட்டானிக்கின் சிதைவு 1985-இல் கண்டுபிடிக்கப்பட்ட பின் இத்தகைய பாத்திரங்களின் நகல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. கரண்டி, முள்கரண்டி வாங்குவோர் எல்கிங்டன் முத்திரையையும் அதனருகே ஆண்டைக் குறிக்கும் எழுத்தையும் தேடவேண்டும். 1935-க்குப் பிந்திய எழுத்தானால் அது ஒலிம்பிக்கில் இருந்திருக்கவே முடியாது.

இரண்டாவது கேள்விக்குத் தட்டு விடை சொல்லாது. பீங்கானில் நிறுவனத்தின் பெயரைப் போட்டார்களே தவிர கப்பலின் பெயரைப் போடவில்லை. கிடங்கிலிருந்து எந்தக் கப்பலுக்குத் தேவையோ அதற்குப் போனது. இந்த மாதம் ஒலிம்பிக்கில் இருந்த தட்டு அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் மெஜஸ்டிக் கப்பலில் இருந்திருக்கலாம். எனவே ‘ஒலிம்பிக் தட்டு’ என்று விற்பவரிடம், 1935 ஏலத்தில் வாங்கிய ரசீது, குடும்பத்தில் எவரேனும் அதில் பயணம் செய்த பயணச்சீட்டு, கப்பல் பணியாளரின் பணிப் பதிவேடு போன்று ஏதேனும் ஒரு தாள் கேட்கவேண்டும். கப்பலின் பெயர் நேரடியாக அச்சான பொருள் வேண்டுமானால் உணவுப் பட்டியல், பயணிகள் பெயர்ப் பட்டியல், கப்பலிலேயே எழுதிய கடிதத் தாள் ஆகியவற்றைத் தேடுங்கள். பீங்கானைவிட மலிவாகக் கிடைக்கும். நாளும் பயணமும் அதிலேயே இருக்கும். இன்னின்ன நாளில் இன்ன கப்பலில் மதியம் என்ன பரிமாறினார்கள் என்று சொல்லும் அட்டையின் பக்கத்தில், பெயரற்ற தட்டு எனக்கு ஊமையாகத்தான் தெரிகிறது.

தங்கள் தட்டை எவரிடமும் காட்டும் முன் சோப்பும் நாரும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். முன்பக்கம், பின்பக்கம், முத்திரை ஆகிய மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். விற்றவர் எழுதிய மின்னஞ்சல்களை அச்செடுத்து, பணம் செலுத்திய ரசீதோடு ஒரே உறையில் இட்டு, தட்டின் அளவையும் வாங்கிய தேதியையும் உறையின் மேல் மையால் எழுதி வையுங்கள்.